பட்டமில்லாத ஆராய்ச்சி மாணவர்

ஆண்டுதோறும் இளங்கலைத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில், கல்லூரி வாயில்களில் இருவகை முகங்களை நாம் காண்கிறோம். மதிப்பெண் பட்டியலை நான்கு பேருக்குக் காட்டி மகிழும் முகங்கள் ஒருவகை. பட்டியலை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும் முகங்கள் மற்றொருவகை. மேற்படிப்பில் சேர வேண்டும் என்னும் ஆவல் இவ்விரு சாராரிடமும் ஒரே அளவில் இருக்கக்கூடும். ஆயினும் இரண்டாம் சாரார் விண்ணப்பப் படிவத்தில் விழுக்காடு கேட்கும் இடம் வந்ததும் பேனாவை மூடிவிடுகின்றனர்.

நம் பர்கூர் வட்டாரத்தில் இத்தகைய மாணவர் மிகுதி. மாலை நேரங்களில் ஜவுளிக் கடைகளில் துணி மடித்தும், ஓசூர்த் தொழிற்சாலைகளில் இரவுப் பணி பார்த்தும் பகலில் வகுப்பில் அமர்வோர் பலர். வீட்டில் உருதுவோ தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுத் தேர்வைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவோர் அவர்களினும் பலர். இவர்களுள் ஒரு பாடத்தில் ஒளிர்ந்து மற்ற பாடங்களில் தேய்ந்து போனவர்களும் உண்டு. இவர்களை எண்ணும்போதெல்லாம் நம் நினைவுக்கு வருபவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன் ஆவார். அவர்தம் புகழை யாவரும் அறிவர். ஆனால் கல்லூரித் தேர்வில் மீண்டும் மீண்டும் தோற்ற ஒருவர் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குள் எவ்வாறு நுழைந்தார், எவரெவர் அவருக்குக் கதவு திறந்தனர் என்பதைப் பலரும் கருதிப் பார்ப்பதில்லை. கணிதம் நம் துறையன்று. எனினும் ஒரு மாணவரின் வாழ்க்கை என்ற அளவில் அதனை எடுத்துரைக்க முற்படுகிறோம்.

பிறப்பும் பள்ளிப் பருவமும்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டியார் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் சீனிவாச ஐயங்கார் அங்கே ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதி வந்தார். நம் ஊர்க் கடைகளில் பேரேட்டின் முன் அமர்ந்திருக்கும் கணக்கர்களைப் போன்றே அவரும் சொற்பச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவர். தாயார் கோமளத்தம்மாள் மகனின் கல்வியில் மிகுந்த கருத்துடையவர்.

1897ஆம் ஆண்டில் நிகழ்ந்த தொடக்கப்பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதன்மை பெற்ற சிறுவன், மறு ஆண்டு கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தான். லோனி என்பார் எழுதிய முக்கோணவியல் நூலைப் பதின்மூன்று வயதளவில் தானே கற்றுத் தேர்ந்தான். 1903ஆம் ஆண்டளவில் கார் என்னும் ஆங்கில ஆசிரியர் தொகுத்த கணிதத் தொகுப்பு நூல் ஒன்று கைக்குக் கிடைத்தது. அது தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்காகத் தொகுக்கப்பட்ட நூல். ஏறத்தாழ ஐயாயிரம் முடிபுகள் அதில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. நிறுவல்கள் பெரும்பாலும் இல்லை. இருந்தவையும் குறிப்பளவே. மற்றவர்க்கு அது வறண்ட நூல். இராமானுஜனுக்கோ ஒவ்வொரு முடிபும் தாமே நிறுவிப் பார்க்க வேண்டிய ஒரு புதிராயிற்று. அந்நூல் அவரை ஆக்கவும் செய்தது. ஒருவகையில் அலைக்கழிக்கவும் செய்தது.

1904ஆம் ஆண்டு பள்ளிப் படிப்பை முடித்தபோது கணிதத்திற்கான பரிசு அவருக்கே கிடைத்தது. கும்பகோணம் அரசுக் கல்லூரி உதவித்தொகையோடு அவரை வரவேற்றது. இதுவரை யாவும் நேரிய பாதையே.

தோல்விகள்

எஃப்.ஏ. எனப்பட்ட அக்கால இடைநிலை வகுப்பில் கணிதம் ஒன்றே பாடமன்று. ஆங்கிலம், உடலியல், கிரேக்க உரோமானிய வரலாறு, வடமொழி ஆகியவையும் இருந்தன. யாவற்றிலும் தேறினால்தான் தேர்ச்சி. இராமானுஜனோ எந்த வகுப்பில் அமர்ந்தாலும் கணிதத்திலேயே மூழ்கியிருந்தார். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்றார். உதவித்தொகை பறிபோயிற்று. ஒரு பருவக் கட்டணமே தந்தையாரின் ஒரு மாதச் சம்பளத்தை விஞ்சிய நிலையில், உதவித்தொகை இன்றிப் படிப்பது அக்குடும்பத்திற்கு மலையேற்றம் போன்றது. 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெற்றோரிடமும் சொல்லாமல் அவர் விசாகப்பட்டினத்திற்குச் சென்றுவிட்டார். பதினேழு வயது இளைஞர் மதிப்பெண்ணுக்கு நாணி வீட்டைவிட்டு ஓடினார் என்பதை ஆசிரியர்களாகிய நாம் எளிதாகக் கடந்துவிடலாகாது.

1906ஆம் ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் முயன்றார். இடையில் நோயுற்றார். அவ்வாண்டு இறுதியில் எழுதிய எஃப்.ஏ. தேர்விலும், 1907ஆம் ஆண்டு தனித்தேர்வராக எழுதிய தேர்விலும் தோல்வியே கிட்டியது. கணிதத்தில் தேறியும் பிற பாடங்கள் அவரைக் கைவிட்டன. உடலியலில் அவர் பெற்ற மதிப்பெண் மிகவும் இரங்கத்தக்கது.

இதில் தேர்வு முறையை மட்டும் குறைகூறுவது நடுநிலையாகாது. பாடத்திட்டம் இன்னது என்பதை அவர் அறிந்தே இருந்தார். பிற பாடங்களுக்கு உழைக்க அவர் மனம் ஒப்பவில்லை. அதற்குரிய விலையையும் அவரே கொடுத்தார். பட்டம் இல்லை, பட்டமின்மையால் வேலை இல்லை, வேலையின்மையால் சில வேளைகளில் உணவும் இல்லை. தேர்வுத்தாள் அவரிடம் எது இல்லை என்பதைச் சரியாகவே அளந்தது. அவரிடம் எது இருக்கிறது என்பதை அளக்கும் கருவி அதனிடம் இல்லை. இவ்விரண்டு உண்மைகளையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

கையில் இருந்த குறிப்பேடு

தோல்விக்குப் பின் இராமானுஜன் செய்தது ஒன்றே. கணிதத்தை நிறுத்தவில்லை. தாள் வாங்கப் பணமின்றிப் பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதிந்துவந்தார். 1909ஆம் ஆண்டு ஜானகி அம்மையாரை மணந்தார். 1910ஆம் ஆண்டு தொடக்கத்தில் அறுவை மருத்துவம் ஒன்று வேண்டியிருந்தது, குடும்பத்தில் பணமில்லை, மருத்துவர் ஒருவர் கட்டணமின்றிச் செய்து உதவினார். உடல் தேறியதும் குறிப்பேடுகளை எடுத்துக்கொண்டு வேலை தேடிப் புறப்பட்டார்.

முதலில் அவர் கண்டது திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. ராமசுவாமி ஐயரை. 1907ஆம் ஆண்டு இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர் அவரே. இராமானுஜன் வேண்டியது வருவாய்த்துறையில் ஓர் எழுத்தர் பணி. குறிப்பேட்டைப் புரட்டிய ராமசுவாமி ஐயரோ, இத்தகையவரை அலுவலகத்தின் கீழ்ப்படியில் அமர்த்தி அறிவை மழுங்கச் செய்யலாகாது எனக் கருதிச் சென்னையிலுள்ள கணித அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார். அங்கிருந்து பேராசிரியர் சேஷு ஐயர். அவர் வழியாக நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவ் என, ஒரு கை மற்றொரு கையில் அவரை ஒப்படைத்துக்கொண்டே சென்றது.

ராமச்சந்திர ராவ் கணிதம் பயின்றவர். கசங்கிய உடையோடும் மழிக்காத முகத்தோடும் வந்து நின்ற இளைஞரை முதலில் அவர் முழுவதும் நம்பினார் அல்லர். சில சந்திப்புகளுக்குப் பிறகே ஐயம் தீர்ந்தது. வேண்டுவது யாது என வினவியபோது, கவலையின்றி ஆராய்ச்சி செய்யப் போதிய பிழைப்பூதியம் மட்டுமே இராமானுஜன் கேட்டார். மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுக்க ராவ் இசைந்தார். 1911ஆம் ஆண்டு இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில், பெர்னௌலி எண்களின் பண்புகள் பற்றிய இராமானுஜனின் முதற்கட்டுரை வெளிவந்தது. கல்லூரி தோற்றவர் எனக் கருதிய ஒருவரின் பெயர் அச்சேறியது. அதே இதழில் அவர் விடுத்த கணக்கு ஒன்று, ஆறு திங்கள் ஆகியும் விடை எழுதுவாரின்றிக் கிடந்ததும் குறிப்பிடத்தக்கது.

பிறர் பணத்தில் நெடுநாள் வாழ அவர் விரும்பவில்லை. கணக்காயர் அலுவலகத்தில் சில நாள் தற்காலிகப் பணி பார்த்தபின், 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அவருடைய விண்ணப்பத்தில் மெட்ரிகுலேசன் தேறியதும், எஃப்.ஏ. வரை பயின்று சூழ்நிலை காரணமாகத் தொடர இயலாமற் போனதும் ஒளிவுமறைவின்றிக் கூறப்பட்டிருந்தன. அத்துடன் மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட்டின் பரிந்துரையும் இணைந்திருந்தது. அலுவலகத்தின் தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். மாலையில் இருவரும் பலகையும் கையுமாக அமர்ந்து கணக்குப் போட்டனர். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் இதனை அறிந்து கடிந்துகொள்ளவில்லை, ஊக்கமே அளித்தார்.

கடிதங்கள்

சென்னைப் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித் இராமானுஜனின் கணக்குகளை இலண்டனிலிருந்த தம் பழைய ஆசிரியர் ஹில் என்பவருக்கு அனுப்பினார். ஆற்றல் உண்டு, பயிற்சி போதாது என்னும் கருத்தில் விடை வந்தது. படிக்க வேண்டிய நூல் ஒன்றையும் ஹில் சுட்டினார். மாணவராக ஏற்க முன்வரவில்லை. பின்பு கேம்பிரிட்ஜ் அறிஞர் இருவருக்கு இராமானுஜன் தாமே எழுதினார். பயன் விளையவில்லை.

1913ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், டிரினிடி கல்லூரியைச் சேர்ந்த ஹார்டிக்கு எழுதினார். தாம் ஆண்டுக்கு 20 பவுண்டு ஊதியம் பெறும் எழுத்தர் என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி தமக்கு இல்லை என்பதையும் அக்கடிதத்தின் தொடக்கத்திலேயே கூறிவிட்டார். குறையை மறைத்து நிறையைக் காட்டுவது விண்ணப்பதாரர் வழக்கம். இவரோ குறையை முதலிற் சொல்லி, அதனைத் தொடர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட தேற்றங்களை எழுதி இணைத்தார். ஹார்டியும் அவர்தம் நண்பர் லிட்டில்வுட்டும் அவற்றை ஆய்ந்தனர். சில முன்னரே அறியப்பட்டவை. சில பிழையானவை. பிற, அதுவரை எவரும் காணாதவை. பிழைகளைக் கண்டமையால் அவர்கள் தாளை ஒதுக்கிவிடவில்லை. பிப்ரவரி 8ஆம் நாள் ஹார்டி விடை எழுதி, நிறுவல்களை அனுப்புமாறு கேட்டார்.

இராமானுஜன் எழுதிய மறுமொழி உருக்கமானது. மூளை இயங்க முதலில் உணவு வேண்டும் என்றும், ஹார்டியின் பரிவான கடிதம் ஒன்று பல்கலைக்கழகத்திடமிருந்தோ அரசிடமிருந்தோ உதவித்தொகை பெறத் தமக்குத் துணையாகும் என்றும் அதில் தெரிவித்திருந்தார். உலகப் பேரறிஞர் ஒருவரிடம் அவர் நாடியது பாராட்டுரையன்று, ஒரு பரிந்துரை.

சிண்டிகேட்டின் முடிவு

அப்பொழுது இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் பிப்ரவரி இறுதியில் சென்னை வந்தார். அவரும் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதன்மை பெற்றவர். ஸ்பிரிங் காட்டிய குறிப்பேடுகளைப் பார்த்தார். மறுநாளே சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு எழுதி, இவ்விளைஞர் சில ஆண்டுகளாயினும் பிழைப்புக் கவலையின்றிக் கணிதத்தில் ஈடுபடப் பல்கலைக்கழகம் வழி செய்ய வேண்டும் எனக் கேட்டுக்கொண்டார். மார்ச்சு 19ஆம் நாள் கூடிய கணிதப் பாடத்திட்டக் குழு, இரண்டாண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளிக்கப் பரிந்துரைத்தது.

ஏப்ரல் 7ஆம் நாள் சிண்டிகேட் கூடியபோதுதான் சிக்கல் எழுந்தது. ஆராய்ச்சி உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கே உரியது என்பது விதி. இவரோ இளங்கலையும் அல்லர், எஃப்.ஏ.வும் தேறாதவர். விதியைக் காட்டி எதிர்த்தோர் கொடியவர் அல்லர். விதி அவர்கள் பக்கமே இருந்தது. ஆனால் உயர் நீதிமன்ற நீதிபதி பி. ஆர். சுந்தரையர் சட்டத்தின் முகவுரையையே எடுத்துக்காட்டினார். ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் நோக்கங்களுள் ஒன்று என அதில் கூறப்பட்டிருக்க, ஆராய்ச்சியாளர் என மெய்ப்பித்துவிட்ட ஒருவரைப் பட்டமின்மை கருதி விலக்குவது அந்நோக்கத்திற்கே மாறாகாதா என்பது அவர் வாதம். சிண்டிகேட் இசைந்தது.

இந்நிகழ்ச்சியை நாம் நுணுகி நோக்குதல் வேண்டும். சுந்தரையர் விதியை உடைக்கவில்லை. அது எதற்காக இயற்றப்பட்டதோ அந்நோக்கத்தை நினைவூட்டினார். ஆராய்ச்சி செய்யத் தகுதியுடையவரைக் கண்டறியப் பட்டம் ஓர் அடையாளம். அடையாளம் இல்லாமலே பொருள் கண்முன் நிற்கும்போது, அடையாளத்தைத் தேடிக்கொண்டிருப்பது அறிவுடைமையன்று. 1913ஆம் ஆண்டு மே முதல் நாள் துறைமுக எழுத்தர் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவரானார். காலாண்டுக்கு ஒருமுறை ஆராய்ச்சி அறிக்கை தர வேண்டும் என்பதே நிபந்தனை. அவர் தவறாது அறிக்கைகளை அளித்தார். தேர்வுக்கு ஒழுங்காகப் படிக்காதவர் என்று கருதப்பட்டவர், தமக்குரிய பணி கிடைத்தபோது ஒழுங்கில் குறைவைக்கவில்லை.

கேம்பிரிட்ஜில்

1914ஆம் ஆண்டு தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் அறிஞர் நெவில் சொற்பொழிவாற்றச் சென்னை வந்தார். இராமானுஜனை அழைத்துவருமாறு ஹார்டி அவரிடம் கூறியிருந்தார். கடல் கடத்தல் தம் குல வழக்கத்திற்கு ஒவ்வாதது எனக் கருதி முன்பு மறுத்திருந்த இராமானுஜன், இம்முறை தாயாரின் இசைவோடு உடன்பட்டார். நெவிலின் வேண்டுகோளை ஏற்றுச் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை ஒதுக்கியது. மார்ச்சு 17ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் புறப்பட்டு, ஏப்ரல் 14ஆம் நாள் இலண்டன் சேர்ந்தார்.

டிரினிடி கல்லூரியில் பட்டமில்லாமை அவருக்குத் தடையாக நிறுத்தப்படவில்லை. நிறுவல்களை முறையாக எழுதும் பயிற்சியை ஹார்டியிடமும் வகுப்புகளிலும் பெற்றார். பல காரணிகளை உடைய எண்கள் பற்றி 1915ஆம் ஆண்டு வெளியான நீண்ட ஆய்வுக்காக, 1916ஆம் ஆண்டு மார்ச்சு 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சிவழி பி.ஏ. பட்டம் வழங்கியது. எஃப்.ஏ.வில் தோற்றவர் பெற்ற முதற்பட்டமே ஆராய்ச்சிப் பட்டம். பிற்காலத்தில் பிஎச்.டி. எனப் பெயர் பெற்றது இதற்கு நிகரானதே.

ஹார்டியுடன் இணைந்து 1918ஆம் ஆண்டு வெளியிட்ட எண் பிரிவினை ஆய்வும் பெரும்புகழ் பெற்றது. 4 என்னும் எண்ணை முழு எண்களின் கூட்டுத்தொகையாக 5 வழிகளில் எழுதலாம். 100ஐ எழுத வேண்டுமாயின் வழிகள் 19,05,69,292. இவ்வெண்ணிக்கையை ஒவ்வொன்றாக எண்ணாது கணித்தறியும் நெறியை அவ்விருவரும் கண்டனர். அல்ஜிப்ரா என்னும் சொல்லை அல்குவாரிஸ்மியின் நூலிலிருந்து பெற்ற ஐரோப்பா, ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் கிழக்கிலிருந்து கற்க வேண்டியது உண்டு என இதனால் மீண்டும் உணர்ந்தது.

1918ஆம் ஆண்டு மே திங்களில் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1841இல் அர்தசீர் கர்செட்ஜிக்குப் பின் அச்சிறப்பைப் பெற்ற இரண்டாம் இந்தியர் இவரே. அதே ஆண்டு அக்டோபரில் டிரினிடி கல்லூரியின் ஃபெல்லோ ஆகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவியை அடைந்த முதல் இந்தியரும் அவரே.

இழப்பும் எச்சமும்

இத்தனைக்கும் இடையில் உடல்நலம் சிதைந்துகொண்டிருந்தது. உலகப் போர்க்காலம். மரக்கறி உணவு கிடைப்பது அரிது. குளிரும் தனிமையும் சேர்ந்தன. 1917ஆம் ஆண்டு முதல் மருத்துவ விடுதிகளிலேயே பெரும்பகுதி கழிந்தது. 1919ஆம் ஆண்டு தாயகம் திரும்பியும் நோய் தணியவில்லை. படுக்கையில் இருந்தபடியே கணிதம் எழுதினார்; 1920 சனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் புதியதொரு சார்பு வகையைப் பற்றிய கருத்துகள் இருந்தன. 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் தம் 32ஆம் வயதில் மறைந்தார். ஜானகி அம்மையார் 1994 வரை வாழ்ந்தார். இறுதி ஓராண்டில் இராமானுஜன் எழுதிய தாள்கள் டிரினிடி கல்லூரி நூலகத்தில் கிடப்பதை 1976ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தார். அவற்றின் ஆய்வு கணித உலகில் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

ஹார்டி பிற்காலத்தில் கூறிய கருத்தொன்று நம்மைச் சுடுவது. இராமானுஜன் இளமையில் இறந்ததனினும், பதினெட்டு முதல் இருபத்தைந்து வரையிலான ஆண்டுகளில் வழிகாட்டுவோர் இன்றி அவர் அறிவு திசைமாறிக் கழிந்ததே பேரிழப்பு என்பது அதன் கருத்து. அந்த ஆண்டுகளில்தான் அவர் தேர்வு தோற்று, வேலை தேடி, நடந்து திரிந்தார். இறுதியில் கதவு திறந்தது என்று நாம் மகிழ்கிறோம். அது திறக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின என்பதை மறந்துவிடுகிறோம். கதவு அறவே திறக்கப்படாத இராமானுஜன்கள் எத்தனை பேர் என்பதற்கோ கணக்கே இல்லை.

நாம் கொள்ள வேண்டியவை

மாணவர்க்கு முதலில் ஒன்று கூறுவோம். தேர்வில் தோற்றால் இராமானுஜன் ஆகலாம் என்று எவரும் பொருள் கொள்ளற்க. தோல்வி அவரை உயர்த்தவில்லை. தோல்விக்குப் பின்னும் நிற்காத உழைப்பே உயர்த்தியது. 2022ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழு விதிகளின்படி, முதுகலை பயின்று முனைவர் பட்ட ஆய்வில் சேர 55 விழுக்காடு வேண்டும். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் முதலியோர்க்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. இதனை முதலாண்டிலேயே அறிந்து உழைப்பது கடமை. இளங்கலையில் பின்தங்கியவர் முதுகலையில் ஈடுசெய்யலாம். ஈடுசெய்யும் காலத்தில் கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். தமிழ் மாணவராயின் தம் ஊர்க் கல்வெட்டுகளையோ, வட்டார வழக்குச் சொற்களையோ, எல்லைப்புறத் தமிழில் கலந்துள்ள கன்னடத்தையும் தெலுங்கையுமோ தொகுத்த ஒரு கட்டுரையாயினும் காட்டக் கூடியதாக இருத்தல் வேண்டும். மதிப்பெண் குறைந்தவரின் கதவைத் தட்ட வேண்டியது அவர்தம் வேலையே; வெறுங்கை அன்று. குறையை மறையாமல் கூறி நிறையைக் காட்டும் துணிவும் அவர்க்கு வேண்டும்.

ஆசிரியர்க்கு உரியது வேறு. ராமசுவாமி ஐயர் முதல் கில்பர்ட் வாக்கர் வரை அனைவரும் செய்த பணி ஒன்றே: மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் குறிப்பேட்டைப் படித்தார்கள். படித்தபின் தம்மினும் வல்லவரிடம் அனுப்பினார்கள். ஒரு பரிந்துரைக் கடிதம் எழுத நமக்கு அரைமணி நேரம் போதும். ஆயினும் மாணவரின் எழுத்தைப் படித்தறிந்து எழுதினாலன்றி அக்கடிதத்திற்கு வலிமை இராது.

சமுதாயப் பெரியோர்க்கும் இவ்வாழ்க்கையில் ஒரு செய்தி உண்டு. இராமானுஜன் நாடு திரும்பிய அதே 1919ஆம் ஆண்டில்தான் நமக்கு அண்மையிலுள்ள வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி தொடங்கப்பெற்றது. கல்விக்குக் கொடுப்பது நம் முன்னோர் மரபு. ஆனால் இன்று வழங்கப்பெறும் உதவிகள் பெரும்பாலும் முதல் மதிப்பெண் பெற்றவரையே நாடிச் செல்கின்றன. அவர்க்குக் கொடுப்பது முறையே. இரவுப் பணி பார்த்து ஒரு பாடத்தில் ஒளிர்ந்து மற்றொன்றில் தவறியவருக்கும் ஒரு பங்கு ஒதுக்குவது அதனினும் முறை. ராமச்சந்திர ராவ் கொடுத்த 25 ரூபாய் எவ்வெண் வரிசையையும் பார்த்துக் கொடுக்கப்பட்டதன்று.

உதவித்தொகை இழந்த இளைஞர் தமக்கு வாழ்வு வந்தபோது என்ன செய்தார் என்பதும் நாம் அறிய வேண்டியது. நாடு திரும்பியபின் ஆண்டுக்கு 250 பவுண்டு அளிக்கச் சென்னைப் பல்கலைக்கழகம் முடிவு செய்தது. அச்செய்தி கிடைத்ததும், 1919ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள், இங்கிலாந்தில் மருத்துவம் பெற்றுவந்த நிலையிலேயே இராமானுஜன் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். தம் தேவைக்கு அத்தொகை மிகுதி என்றார். பெற்றோர்க்கு ஆண்டுக்கு 50 பவுண்டு கொடுத்து, தம் இன்றியமையாச் செலவும் போக எஞ்சுவதை ஏழை மாணவர் மற்றும் அநாதைச் சிறுவரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்கு நூல் வாங்கவும் பயன்படுத்துமாறு கேட்டுக்கொண்டார். கட்டணம் கட்ட இயலாமையின் துன்பத்தை அனுபவித்தவர் எழுதிய கடிதம் அது.

அநாதையையும் ஏழையையும் ஆதரித்தல் நம் மார்க்கம் நமக்கு இட்ட கட்டளை. அக்கட்டளையை ஏற்ற நாம், இவ்வாண்டு மதிப்பெண் பட்டியலை மடித்து வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும் மாணவரை அழைத்து, அவர் கையிலுள்ள குறிப்பேட்டை வாங்கிப் படிப்போமாக. அதற்குரிய மனத்தையும் பொருளையும் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக.